எட்டுக்கால் பூச்சியும் இரண்டு கடைவாய்ப் பற்களும்

எட்டுக்கால் பூச்சி கடித்துச் செத்தவரை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா? இல்லை. உங்கள் சித்தப்பாவின் சகலை ஊரில் ஒருவர் செத்ததாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எப்போதும் அப்படித்தான். செத்தவர் நமக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவராகவே இருப்பார். அவர் வீட்டு விலாசம் மட்டும் யாருக்கும் தெரியாது.

இதை நான் இருபது வயதிலிருந்து சொல்லி வருகிறேன். விலங்கியல் படித்தவள். எங்கள் ஊரான ஆவூர்ப் பக்கத்துக் கடலைக் கொல்லையிலும் தைல மரக் காட்டிலும் குப்புறப் படுத்து எட்டுக்கால் பூச்சிகளை எண்ணியவள். (அந்த வழியாகப் போனவர்கள் நின்று, "இது ஆவூர்ல யாரு வீட்டுப் புள்ள, பாவம்" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.) அநேகமாக எல்லா எட்டுக்கால் பூச்சிக்கும் விஷம் உண்டுதான். ஆனால் அது ஈயையும் கரப்பானையும் மடக்குவதற்கு வைத்திருக்கிற விஷம். பெரும்பாலானவற்றின் பல் நம் தோலில் இறங்கவே இறங்காது. இறங்கினாலும் குளவி கொட்டியது போலக் கொஞ்சம் வலி, கொஞ்சம் வீக்கம். மரப்பொந்தில் வசிக்கும் ரோமக்கால் பெரிய ஜாதி கடித்தால் சதையைப் பிடித்து இழுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். மற்றபடி ஆள் போவது அபூர்வத்திலும் அபூர்வம். காலையில் உதட்டோரம் ஒரு கொப்புளம் வந்தால் "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பேஞ்சிருச்சு" என்கிறோமே, அந்தப் பழியும் பெரும்பாலும் அதற்குச் சேர வேண்டியதில்லை.

இவ்வளவு பேசியவளைத்தான் அது கடித்தது. அதுவும் எங்கள் குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

எனக்குத் திருச்சியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்த நேரம். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அப்பா விராலிமலையில் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். படிக்க வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. ஆனால் மகள் போயும் போயும் எட்டுக்கால் பூச்சியோடு ஐந்து வருஷம் குடித்தனம் நடத்தப் போகிறாளே என்று அவருக்கு உள்ளூர உதறல். அதனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "ஒரு தடவ கடிச்சு வெஷம் ஏறுச்சுன்னு என் காதுல விழுந்துச்சு, அன்னைக்கோட படிப்பு முடிஞ்சுது." இதற்குச் சாட்சி அவருடைய அக்கா, எங்கள் ரோசலி அத்தை. கணவர் இறந்ததிலிருந்து எங்கள் வீட்டிலேயே இருப்பவள். அத்தை சாட்சியாக இருக்கிற எதையும் கடவுளாலும் மாற்ற முடியாது.

சனிக்கிழமை காலை நான் விராலிமலைக்குப் பல் பிடுங்கப் போனேன். வீட்டில் ஜெராக்ஸ் எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தேன். பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது அத்தையின் கட்சி. சொல்லியிருந்தால் வாசற்படி தாண்ட விட்டிருக்க மாட்டாள். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் சொத்தை. இன்றைக்கு ஒரு பக்கம், அடுத்த வாரம் மறு பக்கம் என்றார் பல் டாக்டர். நான் கேட்பேனா? அடுத்த வாரம் நான் திருச்சியில் இருப்பேன், இரண்டையும் இப்போதே எடுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றேன். இரண்டு பக்கமும் ஊசி விழுந்தது. நாக்கு, கீழுதடு, தாடை மூன்றும் என்னை விட்டுப் போயின. பஞ்சைக் கடித்துக்கொண்டே இருங்கள், அதிகம் பேசாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

நான் நேராக வீட்டுக்கு வந்து, அத்தை கண்ணில் படக் கூடாதே என்று பஞ்சை வாசலில் துப்பிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

உள்ளே குளியலறையில் அத்தை அலறிக்கொண்டிருந்தாள். அப்பா கையில் செருப்போடு நின்றார். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. வீட்டுச் சுவர்களில் சாதாரணமாகத் திரிகிற தட்டையான ஜாதிதான். வயிற்றுக்கு அடியில் வெள்ளை வட்டமாக முட்டைப் பொதியை அணைத்துக்கொண்டிருந்தது.

ஒரு பாட்டிலைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகிப் பிடிக்க வேண்டும். இதைக் கல்லூரியில் ஜூனியர் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவளே நான்தான். ஆனால் இரண்டே நாளில் கிளம்பப் போகிறவளுக்கு, அப்பாவின் பயத்தை ஒரேயடியாகப் போக்கிவிட வேண்டும் என்ற வேகம். ஆங்கிலப் பட சாகசக்காரி போல வெறுங்கையால் அள்ளி, உள்ளங்கையில் ஏந்தி, அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினேன். "பாத்தீங்களா, ஒண்ணும் செய்யாது" என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன். கட்டை விரலுக்குக் கீழே சுருக்கென்றது. கையை உதறினேன், பூச்சி தரையில் விழுந்தது.

அதன் மேல் குற்றம் இல்லை. முட்டையோடு இருப்பவளை அமுக்கினால் நானும் கடித்திருப்பேன்.

அத்தை ஒரு நொடியில் என் மணிக்கட்டில் துண்டை இறுக்கிக் கட்டினாள். இப்படிக் கட்டவே கூடாது என்று அவளிடமே நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். அடுத்த நொடி கொல்லையில் போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்தாள். எங்கள் பக்கத்தில் விஷக்கடிக்கு முதல் பரிசோதனை நாக்கில்தான் நடக்கும். வேப்பிலை கசந்தால், மிளகு உறைத்தால் விஷம் ஏறவில்லை. இல்லாவிட்டால் ஏறிவிட்டது.

வாயில் திணித்தாள். மென்றேன். காகிதத்தைத் தின்பது போல இருந்தது.

"கசக்குதாடி?"

இந்த இடத்தில்தான் என் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது. "கசக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அறிவியல் படித்தவள் பரிசோதனை முடிவை மாற்றிச் சொல்லலாமா? நான் நிமிர்ந்து நின்று, "கசக்கல" என்றேன்.

அது "கசக்கல" என்று வெளியே வரவில்லை. மூன்று இட்லியை ஒரே நேரத்தில் வாயில் வைத்துக்கொண்டவள் பேசுவது போல வந்தது. அத்தையின் முகம் வெளுத்தது. மிளகைக் கொண்டுவந்தாள். ஒரு கைப்பிடி மிளகை நிலக்கடலை போல மென்றுகாட்டிவிட்டு, உறைக்கவில்லை என்று தலையாட்டினேன். ஊசி போட்டிருக்கிறார்கள் என்று விளக்க வாயைச் சுட்டிக் காட்டினேன். தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்து, விஷக்கடிக்குத் தண்ணீர் கொடுக்கவே கூடாது என்று செம்பை எடுத்து ஒளித்து வைத்தாள். நான் கோபத்தில் கத்தினேன். கத்திய வேகத்தில், பஞ்சு இல்லாத இரண்டு குழியிலிருந்தும் ரத்தம் கோடாக வழிந்து தாடையில் இறங்கியது.

"தம்பி, புள்ள ரத்தம் கக்குறாடா. வண்டிய எடு."

அப்பா முதலில் மறுபடி செருப்பைத்தான் எடுத்தார். கீழே விழுந்திருந்த பூச்சியை நோக்கி ஓங்கினார். நான் குறுக்கே விழுந்து அதன் மேல் முறத்தைக் கவிழ்த்து, முறத்தின் மேல் உட்கார்ந்துகொண்டேன். வாயில் ரத்தம், கையில் துண்டு, பல்லிடுக்கில் வேப்பிலை. விஷம் மூளைக்குப் போய்விட்டது என்று அத்தை முடிவு கட்டியது அப்போதுதான். கடைசியில் அதை ஊறுகாய் பாட்டிலில் பிடித்து மடியில் வைத்துக்கொண்ட பிறகே எழுந்தேன். (முட்டை பத்திரமாக இருந்தது.)

எங்களிடம் இருந்தது மோட்டார் ஏற்றுகிற குட்டியானை வண்டி. பின்னால் இரண்டு பழுதான மோட்டார்கள், நடுவில் நான், பக்கத்தில் அத்தை. விஷக்கடிக்காரர் தூங்கக் கூடாது என்பதால் நான் கண் சிமிட்டும்போதெல்லாம் கிள்ளினாள். அருள்நிறைந்த மரியே ஒன்று, கிள்ளு ஒன்று என்று விராலிமலை வரை போனோம். கடித்த இடம் வலித்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கிள்ளிய இடங்கள் நான்கு நாள் வலித்தன.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். முதலில் துண்டை அவிழ்த்தார். கை நீலமாக இருந்ததற்கு விஷம் காரணம் இல்லை, அத்தையின் முடிச்சுதான் காரணம். கடித்த இடத்தைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் வாயின் மேல்தான் இருந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு, அப்பாவிடம் திரும்பி, "யாருங்க இவங்களுக்குப் பல்லு எடுத்தது?" என்று கேட்டார்.

அத்தை மெதுவாக என் கண்ணை உற்றுப் பார்த்தாள். பார்வை இருக்கிறதா என்று சோதிக்கிறாள்.

டாக்டரம்மா வாயில் புதுப் பஞ்சு வைத்தார், கையைக் கழுவச் சொன்னார், கொஞ்ச நேரம் உட்கார வைத்தார். இதனால் ஆள் செத்துவிடுமா என்று அப்பா மூன்று விதமாகக் கேட்டார். அவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நான் பாத்த வரைக்கும் எட்டுக்கால் பூச்சியால யாரும் போகலங்க. பயந்துபோய் வண்டிய வேகமா ஓட்டி விழுந்தவங்கதான் இருக்காங்க. ஆனா என்ன கடிச்சதுன்னே தெரியலைன்னா, எலையெல்லாம் மெல்ல வைக்காம ஒடனே இங்க வாங்க. பாம்பா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

இதைத்தான் நானும் தொண்டை கிழியச் சொல்லி வந்தேன். உறைக்குது, விஷமில்லை என்று கடிபட்டவரைப் பாயில் படுக்க வைக்கிற அந்த மிளகுதான் எட்டுக்கால் பூச்சியைவிடப் பெரிய விஷம். நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திரும்பும்போது முன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். நாக்கு அரைவாசி திரும்பி வந்திருந்தது. ஊர் எல்லை வந்ததும் அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "பூச்சிய நம்பலாம் போல. ஒன்னைய நம்ப முடியல. ஜெராக்ஸ்னு சொல்லிட்டுப் போனவ நாளைக்குத் திருச்சியில என்னென்ன சொல்லுவியோ. நீ போக வேணாம்."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் தோற்றுவிடுவேன் என்று தோன்றியது. வாயிலிருந்து பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ஜெராக்ஸ்னு பொய் சொன்னேன், சரிதான். ஆனா கசக்குதான்னு அத்தை கேட்டப்ப, கசக்குதுன்னு சொல்லிருந்தா எனக்கு ஒண்ணுமே ஆகிருக்காது. திங்கக்கிழமை நிம்மதியா பஸ் ஏறிருப்பேன். படிப்பு போகும்னு தெரிஞ்சுதாம்ப்பா கசக்கலைன்னு சொன்னேன். ஆராய்ச்சி வேலைக்கு அது போதாதா?"

அப்பா கியரை மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்தும் பேசவில்லை. கறம்பக்குடிக்குத் துக்கம் கேட்கப் போயிருந்த அம்மா திரும்பி வந்து, இரண்டு பேரிடமும் மாறி மாறிக் கேட்டும் விஷயம் விளங்காமல் தவித்தாள். ஊறுகாய் பாட்டிலில் இருந்தவளை நான் தைல மரக் காட்டில் கொண்டுபோய் விட்டேன். திங்கட்கிழமை காலை வாசலில் பைக் சத்தம் கேட்டது. அப்பா என் பெட்டியைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "ஏறு, பஸ் போயிரும்" என்றார். அன்றைக்கு நான் அழுதேன். அவர் முதுகுக்குப் பின்னால்தான், அதனால் அது கணக்கில் சேராது.

படித்து முடித்துப் பட்டமும் வாங்கிவிட்டேன். ரோசலி அத்தையும் மாறிவிட்டாள். வேப்பிலை, மிளகு எல்லாவற்றையும் அறவே விட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் யாரை எது கடித்தாலும், எறும்பே கடித்தாலும், புதிதாகப் பல் பிடுங்கிய குழி இருக்கிறதா என்று, முதலில் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணுகிறாள்.

போன மாதம் என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த அவனுடைய மாமனாரைக் குளவி கொட்டிவிட்டது. பொன்னமராவதிப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சிரித்தே பார்த்திராத மனிதர். அத்தை அவர் இலைக்கு முன்னால் போய் நின்று, "சம்பந்தி, வாயத் தொறங்க" என்றாள். மிரண்டுபோய்த் திறந்தார். உள்ளே விரலை விட்டவள் கையோடு மேல் பல்செட்டு முழுவதும் கழன்று வந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பந்தி முழுவதற்கும் கேட்கும்படி அத்தை சொன்னாள்:

"எல்லாத்தையும் எப்பவோ புடுங்கியாச்சு, யாரும் பயப்படாதீங்க. எங்க மருமக எட்டுக்கால் பூச்சியில டாக்டர் பட்டம் வாங்கினவ. அவ ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது இது."