டைட்டனில் ஒரு லோயர் கேம்ப்

தன் வீட்டு வாசல் குழியில் தினமும் தவறாமல் கால் இடறிவிட்டு, நூறு கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் மேடு பள்ளத்தைத் துல்லியமாகச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் தேனி மாவட்டத்தில் ‘ரேடார்’ என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருக்கும் சார்தான். எங்கள் கல்லூரியில் அவர் இயற்பியல் ஆசிரியர், நான் ஆங்கிலம். உத்தமபாளையத்தில் கீழ் வீட்டில் நான், மாடியில் அவர்.

சனிக்கோளின் நிலாவான டைட்டனின் தரையை வகை பிரிப்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. “சனியப் பாக்க குச்சனூர் கோயிலுக்கு டவுன் பஸ்சே இருக்கே சார், விண்கலம் எதுக்கு?” என்று கேட்பேன். கோபப்பட மாட்டார். கோபப்படத் தெரிந்திருந்தால் என் தலைக்கு மேல் எட்டு வருடம் குடியிருப்பாரா?

டைட்டனைச் சுற்றி எப்போதும் மூட்டம். அகச்சிவப்புக் கருவி அதற்குள் புகுந்து, தரை எதனால் ஆனது என்று ஓரளவு சொல்லும். ரேடார் கருவி, அது கரடா வழுவழுப்பா என்று சொல்லும். விண்கலம் அனுப்பிய இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி முடிவுக்கு வரவேண்டும். இதையே மனிதர் கம்பம் சந்தையில் கத்தரிக்காய்க்கும் செய்வார். நாலடி தள்ளி நின்று பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவுவார்.

“காய் வாங்க வந்தீகளா, வைத்தியம் பாக்க வந்தீகளா?” என்றார் ஒருநாள் கடைக்கார அம்மா.

“கண்ணும் ஏமாத்தும், கையும் ஏமாத்தும் ஆத்தா. ரெண்டும் சேந்து ஏமாத்தாது.”

அன்று வாங்கிய காயில் பாதி சொத்தை.

ஆய்வுக்கான காலக்கெடுவை இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது. இந்த வாய்மொழித் தேர்வில் தேறாவிட்டால் எட்டு வருட உழைப்பும் வீண். ஆய்வேட்டைப் பிழை திருத்தியவன் நான். கமாக்களை மட்டும் சரிபார்த்தேன். படம் பார்ப்பது என் வேலையா என்ன?

தேர்வன்று சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் வரைபடத்தை விரித்தார். “டைட்டனோட வட துருவத்துல லோயர் கேம்ப்னு போட்டிருக்கே, அது எங்க இருக்கு?”

“கம்பத்துலருந்து குமுளி போற வழியில சார்.”

அரங்கமே சிரித்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான் அவசரமாக ஆய்வேட்டைப் புரட்டினேன். வகைகளின் எண்கள் மறந்துபோகும் என்று தற்காலிகமாக ஊர்ப் பெயர்களை வைத்துக்கொண்டவர், அவற்றை நீக்காமலேயே அச்சடித்துவிட்டார். மலைக்கு மேகமலை, சமவெளிக்கு அனுமந்தன்பட்டி.

“ரெண்டு கருவியிலயும் கருப்பாத் தெரியுது சார். அதான் அங்கன ஏரின்னு முடிவு பண்ணேன். எங்களுக்குத் தண்ணி வர்ற எடம் லோயர் கேம்ப்” என்றார் ரேடார், கொஞ்சமும் அசராமல்.

பேராசிரியர் விடவில்லை. “சரி, இந்த மஞ்சள் திட்டு? பரமசிவம்னு ஒரு ஊரா?”

பரமசிவம் நான்தான்.

“அகச்சிவப்புல மலைப்பாறையாட்டம் தெரியும் சார். ரேடார்ல பாத்தா வழுவழுன்னு இருக்கும். ஒண்ண மட்டும் நம்புனா தப்பா எழுதிருவோம். எங்க கீழ் வீட்டு சாரும் அப்பிடித்தான். வாயத் தெறந்தா குத்தலு. எனக்கு டைபாய்டு வந்தப்ப ஒரு மாசம் கஞ்சி வச்சுக் குடுத்தாக.”

பட்டம் கிடைத்தது, பெயர்களை மாற்றவேண்டும் என்ற நிபந்தனையோடு. உட்கார்ந்து நானே எல்லாவற்றையும் மாற்றினேன். என் பெயரை மட்டும் கடைசியாக, மனமில்லாமல்தான் அழித்தேன்.

ஊர்ப் பெயர்களோடு அச்சான அந்தப் பழைய பிரதி என் மேசையில்தான் இருக்கிறது. இதுவரை யாருக்கும் அதை இரவல் கொடுத்ததில்லை.