நாலாம் பதிப்பும் வலீமாச் சோறும்

புதுப்பதிப்புக்காரர் என்று ஓர் இனம் நம்மிடையே உலாவுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதைக் கண்டாலும் இவருக்குக் கை துறுதுறுக்கும். விடிந்தால் விமானம் ஏற வேண்டியவர் அன்றைக்குத்தான் கைபேசியைப் புதுப்பிப்பார், விருந்தாளி படலையடியில் வந்து நிற்கும்போதுதான் குசினிக்குள் புது அடுப்பைப் பூட்டிக்கொண்டிருப்பார், பழையதில் என்ன குறை என்று கேட்டால் ‘அது பழசு’ என்பதையே குறையாகச் சொல்லுவார். சரி, புதியதில் என்னதான் மாறியிருக்கிறது? “சின்னச் சின்ன மாத்தம்தான்.” அதைப் பற்றி எழுதியிருப்பதை வாசித்தீர்களா? “வாசிச்சனான்.” எவ்வளவு வாசித்தார் என்பதை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இந்த இனத்தின் பழுதில்லாத மாதிரி ஒன்றைப் பார்க்க ஆசையென்றால், திருகோணமலை உட்துறைமுக வீதியில் கயிறும் வலையும் விற்கும் ஸெய்னுதீன் ஹாஜியாரின் கடைக்குப் போய், மரப்படியால் மேலே ஏறுங்கள். அங்கே மூன்று திரைகளுக்கு நடுவில் குந்தியிருப்பவன் ஹாஜியாரின் ஒரே மகன் அஸ்ஹான். நிலாவெளி ஹோட்டல்களுக்கும், திமிங்கிலம் காட்டும் படகுக்காரருக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பது அவன் தொழில். கெட்டிக்காரன். தங்கமான பிள்ளை. வாடிக்கையாளர்கள் அவனிடம் ஒரேயொரு உதவிதான் கேட்பார்கள்: “தம்பி, இப்ப நல்லா ஓடுது, தயவுசெய்து ஒண்டும் செய்துபோடாதைங்கோ.” அவன் சிரித்துத் தலையாட்டுவான். பிறகு செய்வான்.

அஸ்ஹானுக்கு நிக்காஹ் முடிந்துவிட்டது. மணப்பெண் ஜுமானாவுக்குக் கடைசிப் பரீட்சை இருந்ததால், மாப்பிள்ளை வீட்டார் கொடுக்க வேண்டிய வலீமா விருந்தை மட்டும் தள்ளி வைத்திருந்தார்கள். ஜுமானா மருந்தாளர் படிப்புப் படிக்கிறவள். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்துத் திணித்திருக்கும் தாளை விரித்து, கடைசி எறும்பெழுத்து வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பாள். இப்படிப்பட்ட பெண்ணை அப்படிப்பட்ட மாப்பிள்ளைக்குக் கட்டிவைத்தது யாருடைய யோசனை என்று கேட்டால், இரண்டு வீட்டாரும் இப்போது மற்ற வீட்டாரைக் கைகாட்டுகிறார்கள்.

வலீமாவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கலாம் என்றார் ஹாஜியார். அச்சடிப்பதா? அது பழைய பதிப்பு அல்லவா! ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரோடு ஓர் இணையப் பக்கம், கைபேசிக்கு நேரே போய்ச் சேரும் என்றான் அஸ்ஹான். அதற்கு அவனிடம் ஒரு டெம்ப்ளேட் எஞ்சின் இருந்தது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு மடலை எழுதி, பெயர் வருகிற இடத்தை வெறுமையாக விட்டு, பக்கத்தில் விருந்தாளிகளின் விபரத்தை வைத்தால், ஆளுக்கொரு மடலாக வார்த்துக் கொடுக்கிற நிரல், அவ்வளவுதான். உலகத்தின் நாலு மூலையிலும் இருந்து யார் யாரோ சம்பளம் வாங்காமல் எழுதி, எவரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று திறந்து வைத்திருப்பது. அதன் மூன்றாம் பதிப்பு அஸ்ஹானிடம் வருடக்கணக்காக ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் உழைத்தது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

மடலில் ஒரு வரி முக்கியமானது: ‘குடும்பத்தோடு வருகை தரவும்.’ அது சொந்தக்காரருக்கு உரிய வரி. கடை வாடிக்கையாளர், கந்தோர் உத்தியோகத்தர், வங்கியில் தெரிந்த முகங்கள் இவர்களையெல்லாம் ஆளை மட்டும் அழைப்பதுதான் வழக்கம், அவர்களும் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். ஏனென்றால் ஹாஜியாரின் ஊரான கிண்ணியாவில் விருந்துச் சோறு சஹனில் வரும். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே பெரிய தட்டில் உண்பார்கள். ஒரு குடும்பம் கூடினால் ஒரு தட்டே கூடிப்போகும். உம்மா றஹ்மா பெயர்களைச் சொல்லச் சொல்ல அஸ்ஹான் தட்டச்சு செய்தான். சொந்தக்காரர் பெயருக்கு நேரே ‘குடும்பம்’ என்று போட்டாயிற்று.

“தனிய வாற ஆக்களுக்கு நேர ‘இல்லை’ எண்டு போடவா உம்மா?”

றஹ்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இல்லையா? ஒரு மனுசன்ட பேருக்குப் பக்கத்தில, அதுவும் சோத்து விசயத்தில, அந்தச் சொல்ல எழுதுறதா? ஒண்டும் எழுதாத மகன். சும்மா கிடக்கட்டும்.”

சும்மா கிடந்தது. மூன்றாம் பதிப்பும் குறிப்பறிந்து நடக்கிற பதிப்பு. எழுதாமல் விட்ட இடத்தை ‘இல்லை’ என்று தானே விளங்கிக்கொண்டு, அந்த வரியை விட்டுவிட்டு மடலை வார்க்கும். எல்லாம் சரியாக இருந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத் திரையின் ஓரத்தில் நாலாம் பதிப்பு வந்துவிட்டதாக ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்தது.

கூடவே மாற்றக் குறிப்பும் இருந்தது. பாவம், எழுதினவர்கள் ஊதியமில்லாமல் ஒவ்வொரு மாற்றத்தையும் விளக்கி, எது யாருக்கு இடைஞ்சல் தரலாம் என்று எச்சரித்து, உதாரணமும் காட்டி, நீள எழுதியிருந்தார்கள். அஸ்ஹான் முதல் வரியை வாசித்தான்: ‘வேகம் கூட்டப்பட்டுள்ளது, அத்துடன் சில மாற்றங்கள்.’ வேகம்! வேறென்ன வேண்டும்? நாலாம் பதிப்பு ஏறி உட்கார்ந்தது. அப்போதுதான் ஜுமானா கைபேசியில் அழைத்தாள்.

“அழைப்பெல்லாம் அனுப்பியாச்சா?”

“இந்தா அனுப்பப் போறன். புதுப் பதிப்பு ஒண்டு வந்திரிக்கு, அதையும் போட்டாச்சு.”

“அனுப்பப் போற நேரத்தில என்னத்துக்கு மாத்துறீங்க? என்ன மாறியிருக்கு எண்டு எழுதியிருப்பாங்களே, வாசிச்சீங்களா?”

“வாசிச்சனான்.”

“முழுக்கவா?”

“ஓம் ஓம். சின்னச் சின்ன மாத்தம்தான்.”

இதுதான் இந்த இனத்தின் தேசிய கீதம். நெஞ்சை நிமிர்த்தித்தான் பாடுவார்கள். ஆனாலும் அஸ்ஹானைப் பொறுப்பில்லாதவன் என்று சொல்லிவிட ஏலாது. அனுப்ப முன்னர் ஒரு மடலைச் சோதித்துப் பார்த்தான். யாருடைய மடலை? தாய்மாமாவின் மடலை. மாமாவைக் குடும்பத்தோடுதான் அழைத்திருந்தது. மடலிலும் குடும்பத்தோடு என்றுதான் இருந்தது. “அல்ஹம்துலில்லாஹ்” என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் அனுப்பிவிட்டான்.

மறுநாட் காலை, மீன்பிடிக் கிராமமான சல்லியில் இருந்து யோகலிங்கத்தாரின் தொலைபேசி அழைப்பு. ஹாஜியாரிடம் நெடுங்காலமாக வலை வாங்குகிற மனிதர்.

“தம்பி, அழைப்புக் கிடைச்சுது. குடும்பத்தோட எண்டு போட்டிருக்கிறியள். என்ர மனுசி யோகம்மா அழுதே போட்டாள், தெரியுமோ? ஹாஜியார் எங்களையும் வீட்டு ஆக்களா நினைச்சிருக்கிறார் எண்டு. மூத்தவளும் மருமகனும் வவுனியாவில இருந்து வந்து நிக்கினம், அவையையும் கூட்டிக்கொண்டு வரட்டோ?”

“ஓம்… ஓம் அண்ணை, வாங்க” என்றது அஸ்ஹானின் வாய். கை அதற்குள் யோகலிங்கத்தாரின் மடலைத் திறந்துவிட்டது. அவர் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மடலில் அந்த வரி ஜம்மென்று இருந்தது. வங்கி முகாமையாளருக்கும் இருந்தது. ஓட்டோ தரிப்பிடத்தில் நிற்கிற அத்தனை பேருக்கும் இருந்தது. துறைமுகத்துக் கந்தோர், நிலாவெளி ஹோட்டல்கள், தேநீர்க் கடை, எல்லாரும் குடும்பத்தோடு.

இப்போதாவது மாற்றக் குறிப்பைத் திறந்து வாசித்திருப்பான் என்று நினைக்கிறீர்களா? இல்லை. கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். வலைத்தொடர்பைக் கழற்றிப் பூட்டினான். கடைசியில் பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றினான். உடனே யோகலிங்கத்தாரின் பக்கத்தில் இருந்து அந்த வரி மறைந்துபோனது. ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. யோகம்மா அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் திறந்து பார்த்தால் என்ன நினைப்பார் என்று தோன்றியதும் கணினியை விட்டு எழும்பினான். படியிறங்கி வாப்பாவிடம் போய் நின்றான்.

ஹாஜியார் முழுவதையும் கேட்டார். கயிறு அளந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

“அந்த வரிய திரும்பப் போடு.”

“வாப்பா, இவ்வளவு பேரும் வந்தா…”

“கம்பியூட்டர்ல பழைய பதிப்புக்குப் போகலாம் மகன். வாங்க எண்டு சொன்ன வாயால வராதீங்க எண்டு சொல்ல ஏலுமா? போடு.”

போட்டான். ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பயம்தான். வலீமாவில் ஒரு சஹன், ஒரேயொரு சஹன் குறைந்தாலும் போதும். ‘சோறு காணாமல், போதாமல் போன வீடு’ என்ற பெயர் வாப்பாவின் தலையில் ஏறும், அவர் கடை திறக்கிற காலம் வரைக்கும் இறங்காது. அதையும் மகனே ஏற்றிவைத்திருக்கிறான். சமையலுக்கு வந்த றிஸ்கான் நானா, “எத்தின சஹன் ஹாஜியார்?” என்று வழக்கம்போலக் கேட்டார். “தெரியா” என்றார் ஹாஜியார். இத்தனை கால அனுபவத்தில் அப்படி ஒரு விடையை றிஸ்கான் நானா கேட்டதில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழும்பி, பள்ளிவாசலில் இருந்த சோறாக்கும் கிடாரங்கள் முழுவதையும் எடுத்துவரச் சொல்லி ஆளனுப்பினார்.

விருந்தன்று வந்தார்கள். கிண்ணியாப் பாலத்தில் வான்களும் ஓட்டோக்களும் வரிசையாக வந்தன. கைக்குழந்தையோடு வந்தார்கள், கைத்தடியோடு வந்தார்கள், கட்டாரில் இருந்து விடுமுறையில் வந்து நின்ற மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பட்டுச் சட்டையில் நின்ற மாப்பிள்ளை ஒவ்வொரு வானின் கதவு திறக்கும்போதும் இறங்குகிற கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்துக் கால் இறங்கினால் முகம் வெளிறும்.

ஆனால் அவன் எண்ணிப் பார்க்காத ஒன்று இருந்தது. ஆளை மட்டும் அழைத்தால் ஆள் ஓர் என்வலப்போடு வருவார், முடிந்தது. குடும்பத்தை அழைத்த வீட்டுக்குக் குடும்பம் வெறுங்கையோடு போகுமா? யோகலிங்கத்தார் ஐஸ் போட்ட பெட்டி நிறையப் பாரை மீன் இறக்கினார். நிலாவெளிக்காரர் தட்டுத் தட்டாகத் தேங்காய்ப்பால் இனிப்பான வட்டிலப்பம் கொண்டுவந்தார்கள். வங்கியார் ஐஸ்கிறீம். ஓட்டோக்காரர் எல்லாரும் சேர்ந்து இரண்டு ஆடு, அதுவும் விடியும் முன்னரே. றிஸ்கான் நானா மீனைக் கண்டதும் இன்னுமோர் அடுப்பை மூட்டினார். எல்லாருக்கும் சோறு கண்டது, கடைசி சஹனும் குறைவில்லாமல் போனது. வட்டிலப்பம் மிஞ்சி அயலெல்லாம் பங்கிட்டார்கள். ‘ஸெய்னுதீன் ஹாஜியார்ர மனசு யாருக்கு வரும்’ என்ற கதை படகேறி மூதூர் வரைக்கும் போனது. அஸ்ஹானுக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு பயந்திருந்தான், அவ்வளவு சந்தோசம்.

ஆட்கள் கலைந்த பிறகு, மாப்பிள்ளைக்குப் பசி கண்ணை இருட்டியது. ஜுமானா சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு தட்டைத் தன் பக்கமாக இழுத்தாள்.

“வாசிச்சனான் எண்டு சொன்னீங்க.”

“…தலைப்ப வாசிச்சனான்.” பொய் சொன்ன வெட்கத்தில் அவன் நிமிரவில்லை.

“அப்ப மிச்சத்த இப்ப வாசிங்க. சத்தமா. முடிஞ்ச பிறகு சோறு.”

வாசித்தான். நடுவில் ஓரிடத்தில் குரல் நின்றது. ‘இனிமேல் வெறுமையாக விட்ட இடமும் “உண்டு” என்றே கொள்ளப்படும். அப்படி வேண்டாதவர்கள் “இல்லை” என்று வெளிப்படையாக எழுதுக.’

“இத ஆரு இதுக்குள்ள எழுதினது?” என்றான் அஸ்ஹான், உண்மையான வியப்போடு. ஜுமானா சிரித்த சிரிப்பில் தட்டுத் தானாகவே அவன் பக்கம் நகர்ந்தது.

வட்டிலப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த றஹ்மா நிமிர்ந்து பார்த்தார். “ஒண்டும் எழுதாட்டி வரச் சொல்லு எண்டுதானே அர்த்தம்? முந்தினதுக்குத்தான் அது விளங்கயில்ல. இது நல்ல பதிப்பு மகன். இத மாத்தாத.”

அஸ்ஹானைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள் அல்லவா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. தலைப்பைப் பார்த்து, முதற் பந்தியை மேய்ந்து, நடுவில் உள்ளதெல்லாம் சின்னச் சின்ன விசயம்தான் என்று தாண்டி, சோறு கண்டதா இல்லையா என்று பார்க்க நேரே இந்த வரிக்கு வந்து நிற்கிறவர் யாராவது இருந்தால், வாருங்கள், குடும்பத்தோடு வாருங்கள், உங்கள் இனம் இதுதான். சோற்றைப் பற்றி மேலே எழுதியிருக்கிறது. போய் வாசியுங்கள்.