கிளம்பிய ஆசைக்கு ஒரு டோக்கன்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய விஷயமே அல்ல. அதை அவன் உதட்டிலிருந்து இறக்க வழி கண்டுபிடித்ததுதான் நாகரிகம். அந்த நாகரிகம் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு டீக்கடையின் மாடியில் நடக்கிறது. தலையில் காந்தத் தொப்பி மாட்டி, வெட்டாமல் தைக்காமல், மூளையைத் தட்டியே சிகரெட்டை மறக்கடிக்கிறார்கள்.

என் அக்கா ஜெனி கைக்குழந்தையுடன் மாடம்பாக்கத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். "அவர் மேல சிகரெட் நாத்தம் போகட்டும். அப்புறம் பிள்ளையைத் தூக்கட்டும்." ஆகவே ஆஸ்டின் அத்தானைச் சிகிச்சைக்கு அழைத்துப்போகும் பொறுப்பு, மாலைக் கல்லூரி மாணவன் என்பதால் பகலெல்லாம் சும்மா இருப்பதாகக் கருதப்படும் எனக்கு வந்தது.

முதலில் ஆசையைக் கிளப்ப வேண்டும். கிளம்பிய ஆசை மேல்தான் காந்தம் வேலை செய்யும். இதில் டெக்னீஷியன் ஹரிபிரசாத் ஒரு 'நிர்வாகச் சீர்திருத்தம்' செய்திருந்தார். வந்தவர்கள் எல்லோருக்கும் மொத்தமாகப் படம் காட்டி, ஆளுக்கொரு சிகரெட்டை முகரக் கொடுத்துவிடுவார்.

"கிளம்பிடுச்சா சார்?"

"பயங்கரமா கிளம்பிடுச்சு" என்றார் அத்தான்.

"சூப்பர். டோக்கன் வாங்கிட்டு வெயிட் பண்ணுங்க. மெஷின் ஒண்ணுதான். டாக்டரும் கீழ போயிருக்கார்."

டீ குடிக்கப் போவதாகச் சொல்லி எல்லோரும் இறங்கினார்கள். டோக்கனைக் காத்தபடி நான் மேலேயே இருந்தேன். திரும்பி வந்த அத்தானிடம் டீ வாசனை இல்லை. எனக்கு என் மூக்கின் மேல்தான் சந்தேகம்.

டாக்டர் சுப்பராயலு ஏலக்காய் மென்றுகொண்டே வந்தார். "இப்ப பிடிக்கணும்னு தோணுதா?"

"துளிகூட இல்ல, டாக்டர்."

"அற்புதம்! காந்தம் வைக்கறதுக்கு முன்னாடியே வேலை செய்யுது."

தினமும் இப்படியே அற்புதம் நிகழ்ந்தது. கடைசி நாள் 'ஆசை: பூஜ்யம்' என்று சான்றிதழ் தந்தார்கள்.

அத்தான் குளித்து, புதுச் சட்டை போட்டு, பவுடர் பூசி எங்கள் வாசலில் நின்றார். அக்கா சட்டையை முகர்ந்தாள். பாஸ். இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்கப் போனவள், என் கையிலிருந்த சான்றிதழை வாங்கி, படிக்காமல் மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது நாறுது."

"நான் அதைத் தொடவே இல்ல. ஜெர்சன்தான் வாங்கிட்டு வந்தான்" என்று அத்தான் என்னைக் கைகாட்டினார்.

அக்கா என் விரல்களையும் முகர்ந்தாள். நான் நிரபராதி.

"அப்ப கையெழுத்துப் போட்டது யாரு?"

"டாக்டர்" என்றேன்.

பிள்ளையை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ஓ. அந்த ஆளும் ஊதறவர்தானா?"

"அவரைத் தப்பாப் பேசாத ஜெனி" என்றார் அத்தான், உண்மையான நன்றியுடன். "தினமும் எனக்குப் பத்தவச்சு விடறதே அவர்தான்."