முட்டைக்கு வந்த நோட்டீஸ்

ஒரு காட்டில், பிறப்பதற்கு முன்பே கடன்காரர் ஆகிவிடும் வசதி இருந்தது.

அந்த வசதியைச் செய்து கொடுத்தவர் கீழ்ச்சரிவுத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் கோதண்டக் கரடியார். பட்ஜெட் கூட்டத்தில் மார்பில் அடித்துக்கொண்டு பேசினார்: "இங்கே பொரிக்கும் ஒவ்வொரு குஞ்சின் தலையிலும் நாற்பது வாழைப்பழக் கடன்! குடும்பம் நடத்துவது போல அல்லவா காட்டை நடத்த வேண்டும்?" பேசி முடித்ததும், பக்கத்துக் காட்டு யானைகளிடம் இன்னும் பத்தாயிரம் பழம் கடன் வாங்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கிவிட்டு உட்கார்ந்தார்.

மேடைப் பேச்சுதானே என்று எல்லோரும் மறந்தார்கள். அதிகாரிகள் மட்டும் குறித்துக்கொண்டார்கள். மறுவாரமே வருவாய்த்துறை உடும்பு செவ்வந்திக் காடையின் புதருக்கு வந்து, அவள் அடைகாத்த ஆறு முட்டைகளிலும் சீல் குத்தி, ஆளுக்கொரு நோட்டீஸ் ஒட்டியது. முட்டையைக் கண்டால் விழுங்கிவிடும் இனம்தான். ஆபீஸ் நேரம் என்பதால் சீலோடு நிறுத்திக்கொண்டது.

பொரிக்க வேண்டிய நாள் வந்தது. ஒரு முட்டையும் அசையவில்லை. செவ்வந்தி மூத்ததைத் தட்டினாள்.

"கண்ணு, வெளியே வாடா."

"வந்தா நாற்பது பழம் கட்டணுமாமே?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"ஆமாண்டா."

"உள்ளேயே இருந்தா?"

"ஒண்ணும் கட்ட வேண்டாம்."

"அப்ப எனக்கு இங்கேயே சௌகரியம்மா."

மற்ற ஐந்தும் ஆமாம் ஆமாம் என்று ஓட்டைத் தட்டின.

இன்னும் இரண்டு நாள் போனால் ஆறும் மூச்சு முட்டிச் செத்துவிடும். செவ்வந்தி கரடியாரின் அலுவலகத்துக்கு ஓடினாள். எழுபத்து மூன்றாம் டோக்கன். உச்சி வெயிலில்தான் கூப்பிட்டார்கள்.

"எதுக்குங்க இந்தக் கடனை வாங்கினீங்க?"

"போன கடனுக்கு வட்டி கட்டத்தாம்மா."

"போன கடன் எதுக்கு?"

"கடனைக் குறைப்பது எப்படின்னு மூணு நாள் மாநாடு போட்டோம். தேன் மட்டும் அறுநூறு குடம்."

"தேனை யாருங்க குடிச்சது?"

கரடியார் வாயைத் துடைத்துக்கொண்டார். "எதிர்க்கேள்வி கேக்காதம்மா. உன் பிள்ளைங்க பொறக்கலைன்னா பட்டியல்ல ஆறு கடன்காரங்க குறைவாங்க. தியாகி குடும்பம்னு சான்றிதழ் வேணா தரச் சொல்றேன்."

"நீங்க உங்க நாற்பதைக் கட்டிட்டீங்களா?"

"நாங்க ஏம்மா கட்டணும்? நோட்டீஸுக்குப் பின்பக்கம் படிக்கலையா? உறுப்பினருக்கும் குடும்பத்துக்கும் விலக்கு."

செவ்வந்தி சண்டைக்கென்று திறந்த வாயை மூடினாள். மேல்சரிவுத் தொகுதியில் இடைத்தேர்தல். மனுத் தாக்கலுக்கு அன்றுதான் கடைசி நாள். மூத்த முட்டையை உருட்டிக்கொண்டு போய்ப் படிவம் நிரப்பினாள். வயது: இன்னும் ஆகவில்லை. சொத்து: ஓடு ஒன்று. வழக்குகள்: இல்லை.

"இதுவரை வாயே திறக்காத ஒரே வேட்பாளர்!" என்று காடு கொண்டாடியது. மறுநாள் வாக்குப்பதிவில் எதிர்த்து நின்ற நரிக்கு டெபாசிட் போயிற்று.

முடிவை அறிவித்ததுதான் தாமதம், ஆறு ஓடுகளும் படபடவென்று உடைந்தன. ஆறு ஈரத் தலைகளைப் பார்த்துச் செவ்வந்தி அழுதேவிட்டாள்.

இறகு காய்வதற்குள் புதிய உறுப்பினர் அவையில் எழுந்தார். "காட்டின் கடனை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது!" என்று கீச்சிட்டார். பிறகு அடுத்த கடனுக்குச் சிறகைத் தூக்கினார். குஞ்சுக்கு ஐம்பது பழம் என்றானது.

அடுத்த புதர்க் கவுதாரி நோட்டீஸும் கையுமாக வந்து நின்றாள். "ஏன்டி செவ்வந்தி, உன் மகனாவது கேக்கக்கூடாதா? என் முட்டை ஒண்ணுகூடப் பொரிய மாட்டேங்குதுடி."

செவ்வந்தி அலகில் ஒட்டியிருந்த தேனைத் துடைத்துக்கொண்டாள்.

"எதிர்க்கேள்வி கேக்காதக்கா. குடும்பம் நடத்துற மாதிரிதான் அவன் காட்டை நடத்துறான்."

நீதி: கடனில்லாமல் பிறக்க ஆசைப்படுவோர், ஓட்டை உடைக்கும் முன்பே தேர்தலில் நின்றுவிட வேண்டும்.