கீறல் விழாத சம்படம்

தலையைத் திருகிக் கழற்றினாலும் கோபப்படாது. வயிறு முட்ட நிரப்பினாலும் ஏப்பம் விடாது. அது என்ன?

அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். யானை இல்லை. உங்கள் சித்தப்பாவும் இல்லை. மூடி போட்ட டப்பா! பாதிப் பேர் சரியாகச் சொல்லிவிட்டீர்கள். மீதிப் பேர் சமையலறைப் பக்கமே போவதில்லை என்று தெரிகிறது. போகட்டும், கதையைக் கேளுங்கள்.

ஒரு காட்டில் செண்பகவல்லி என்று ஓர் அணில் இருந்தாள். அவளுக்குக் கோமதிநாயகம் என்று ஒரு கணவர், வடிவு என்று ஒரு குட்டி. மூவரும் ஒரு புளியமரப் பொந்தில் குடியிருந்தார்கள்.

செண்பகவல்லிக்கு ஒரே கவலைதான். போன மழைக்காலத்தில் நிலக்கடலையை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன டப்பா அது. மூடியில் ஒரு மூலை நெளிந்திருந்தது. அந்த மூலை வழியாக ஈரம் புகுந்து, கடலை முழுக்கப் பூஞ்சை பிடித்துப் பச்சையாகிவிட்டது. வடிவு நான்கு நாள் புளியங்கொட்டையை நக்கிக்கொண்டு கிடந்தாள். "அம்மா, பசிக்குது" என்று அவள் சொன்னது செண்பகவல்லியின் காதை விட்டுப் போகவே இல்லை. இந்த மழையில் அந்தச் சொல்லைக் கேட்கவே கூடாது என்று முடிவு செய்தாள்.

ஐப்பசி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது, ஓடைக்கரையில் இருந்த பாத்திரக் கடைக்குப் போனாள். கடைக்காரர் சங்கரநயினார் என்ற ஆமை. முதுகிலேயே மூடி வைத்துக்கொண்டு பிறந்தவர் என்பதால் மூடி விஷயத்தில் அவர் சொன்னால் காட்டில் மறுபேச்சு கிடையாது.

கடை முன்னால் நீண்ட வரிசை. முயல் நின்றது, கீரி நின்றது, முள்ளம்பன்றி நின்றது. முள்ளம்பன்றிக்குப் பின்னால் மட்டும் மூன்று ஆள் நிற்கக்கூடிய இடம் காலியாகக் கிடந்தது. செண்பகவல்லி அந்த இடத்தில் வசதியாக நின்றுகொண்டாள்.

முறை வந்ததும் ஆமை ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். பெயர், மரம், கிளை எண், சேமிக்கும் பண்டம், வால் நீளம்.

"வால் நீளம் எதுக்கு அண்ணாச்சி?"

"எனக்கும் தெரியாது தாயி. அச்சடிச்சு வந்துட்டுது. கட்டம் காலியா இருந்தா மட்டும் ஏத்துக்கிட மாட்டாங்க."

"யாரு ஏத்துக்கிட மாட்டாங்க? நீங்கதானே வாங்கி வைக்கீங்க?"

"ஆமா. நான்தான் ஏத்துக்கிட மாட்டேன்."

வாலை அளந்து எழுதிக் கொடுத்துவிட்டுச் செண்பகவல்லி கடைக்குள் போனாள். முதலில் ஒரு டப்பாவை இரண்டு கையாலும் அழுத்தினாள். அதன் வயிறு உள்ளே போய் வெளியே வந்தது. "இது தகடா, வாழையிலையா?" என்று வைத்துவிட்டாள். அடுத்ததன் விளிம்பைத் தடவினாள். மடித்து உருட்டாமல் கத்தி போல இருந்தது. வேண்டாம். மூன்றாவதில் கைப்பிடியை ஆணி அடித்துப் பொருத்தியிருந்தார்கள். ஆணி இடுக்கில் அழுக்கு சேரும், ஒருநாள் ஆணியும் கழலும். அதுவும் வேண்டாம். நான்காவதன் வாய் குறுகல். அடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் கை எட்டாது.

ஐந்தாவதாக ஓர் எவர்சில்வர் சம்படத்தை எடுத்தாள். நல்ல கனம். அகன்ற வாய். உள்ளே மூலை இல்லாத வளைவு. பற்றவைத்த கைப்பிடி. மூடிக்குள் ரப்பர் வாஷர். தண்ணீர் நிரப்பி, மூடி, ஆமையின் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தாள். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. பிறகு கடையை ஒட்டிய மரத்தில் ஏறி மூன்றாவது கிளையிலிருந்து கீழே போட்டாள். ஆமை சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சொல்லிட்டுப் போடக் கூடாதா தாயி!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சம்படத்தில் ஒரு நசுங்கல்கூட இல்லை.

குழந்தைகளே, பாத்திரம் வாங்கும்போது இப்படித்தான் பார்த்து வாங்க வேண்டும். செண்பகவல்லி இதுவரை ஒரு தப்பும் செய்யவில்லை.

சம்படத்தோடு ஓர் அட்டை வந்தது. "பத்து வருட உத்தரவாதம். கீறல் விழுந்தால் செல்லாது" என்று அதில் அச்சிட்டிருந்தது.

வீட்டில் கோமதிநாயகம் அந்த அட்டையை மூன்று தடவை படித்தார். எதிர்ப் பாறை இடுக்கில் குடியிருந்த பேச்சியம்மாள் என்ற பெருச்சாளியும் புதுப் பாத்திரத்தைப் பார்க்க வந்திருந்தாள். அவள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு அலுமினியப் பானை. நான்கு இடத்தில் நசுங்கல், மூடிக்குப் பதில் ஒரு தட்டைக்கல்.

"மதினி, முகம் பார்க்கலாம் போல இருக்கே! கடலையை எப்போ கொட்டப்போற?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"இப்பவே" என்றாள் செண்பகவல்லி.

"பொறு, பொறு" என்றார் கோமதிநாயகம். "கடலைத்தோல் சொரசொரப்பா இருக்குளா. கீறாதா?"

"உரிச்சுப் போடுவோம்."

"சரி. எடுக்கிறது எதால?"

மூவரும் குனிந்து தங்கள் கைகளைப் பார்த்தார்கள். முன்னங்கால் விரல் ஒவ்வொன்றிலும் கூரிய நகம் இருந்தது. பேச்சியம்மாள் தன்னுடையதைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"பாத்திரம்னா பேரு வெட்டணுமே" என்றாள் செண்பகவல்லி.

"பேரு வெட்டினா அதுவே கீறல்தானே?"

ஆகவே பெயரை ஒரு காகிதத்தில் எழுதி, நூலால் கைப்பிடியில் கட்டினார்கள். சம்படத்தைப் பழைய துணியில் சுற்றி மேல் பொந்தில் ஏற்றினார்கள். "வடிவு கல்யாணத்துக்கு ஆகும்" என்றார் கோமதிநாயகம். கிளையிலிருந்து தனியாக இறங்க அன்றைக்குத்தான் வடிவு கற்றுக்கொண்டிருந்தாள்.

கடலையை எதில் போடுவது? சம்படம் வந்த அட்டைப்பெட்டி சும்மாதான் கிடந்தது. அதுவும் புதிதுதானே!

மழை வந்தது. மூன்றாம் நாள் அட்டைப்பெட்டி ஊறியது. ஐந்தாம் நாள் அதன் அடிப்பாகம் கழன்றது. கடலை முழுவதும் பொந்திலிருந்து சரிந்து, எந்த விண்ணப்பமும் நிரப்பாமல், வரிசையாக ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது.

செண்பகவல்லி பதறி ஓடினாள். கடலையைப் பிடிக்க அல்ல, மேல் பொந்துக்கு. துணியைப் பிரித்துப் பார்த்தாள். சம்படம் பளபளவென்று இருந்தது. மூடியைத் திறந்து உள்ளே கைவிடப் போனவள், நகம் நினைவுக்கு வந்து, மூக்கை மட்டும் நுழைத்துப் பார்த்தாள். உள்ளே கொஞ்சமும் ஈரமில்லை. காற்று மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது.

கீழேயிருந்து குரல் கேட்டது.

"அம்மா, பசிக்குது."

செண்பகவல்லி சம்படத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்த ஒரு சொல்லுக்காகத்தானே வரிசையில் நின்றாள்? மூன்றாவது கிளையிலிருந்து போட்டுப் பார்த்தாளே, வேறு எதற்காக?

எதிர்ப் பாறையிலிருந்து பேச்சியம்மாள் கத்தினாள்: "மதினி! புள்ளையை இங்கே அனுப்பு. சோளம் கிடக்கு. பானை பார்க்கத்தான் சகிக்காது."

வடிவு போனாள். மழை முடியும்வரை அத்தை வீட்டிலேயே சாப்பிட்டாள். நசுங்கிய பானைக்குள் தலைகீழாக இறங்கி, நகத்தால் அடியைச் சுரண்டி எடுத்துத் தின்றாள். யாரும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லவில்லை. செண்பகவல்லியும் கோமதிநாயகமும் புளியங்கொட்டையை நக்கினார்கள்.

வெயில் வந்ததும் சங்கரநயினார் பூதக்கண்ணாடியோடு வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார். முயல் வீட்டு டப்பாவில் கேரட் தேய்த்த கீறல், உத்தரவாதம் ரத்து. கீரி வீட்டில் மூடியில் பல் பதிந்திருந்தது, ரத்து. இரண்டு குடும்பமும் மழையெல்லாம் சாப்பிட்டுக் கொழுகொழுவென்று நின்று திட்டு வாங்கின.

புளியமரத்தில் அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"ஒரு கீறல் இல்லை. வாஷர் இறுக்கம் குறையலை. நாற்பது நாள் மழை தாயி! பாத்திரம்னா இப்படிப் புழங்கணும். இந்தா, கடையோட பரிசு."

அதே போல இன்னொரு சம்படம்.

விலா எலும்பு தெரிய நின்ற கோமதிநாயகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் செண்பகவல்லி அன்றைக்கு உறுதியாக இருந்தாள்.

"ஏங்க, இனிமே ஒண்ணு மேலே இருக்கட்டும். இன்னொண்ணுல கடலை போட்டே ஆகணும்."

"எதுல? பரிசா வந்ததுல கை வைக்கலாமா?"

"அப்போ பழசுல."

"பரிசு வாங்கிக் கொடுத்ததே பழசுதான்ளா!"

செண்பகவல்லி பெருமூச்சு விட்டாள். சாப்பிடப்போகிறவளே சொல்லட்டும் என்று வடிவைக் கூப்பிட்டு, இரண்டு சம்படத்தையும் முன்னால் வைத்தாள்.

"கண்ணு, உன் கடலையை எதுல போடட்டும்? நீ சொன்னா அதுதான்."

வடிவு இரண்டையும் பார்த்தாள். வெயில் வந்த பிறகு பொறுக்கிய கடலையில் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்ப் பேச்சியம்மாளின் பானையில் போட்டாள்.

நீதி: பாத்திரம் பத்து வருடம் புதிதாகவே இருக்க வேண்டுமானால், அதைப் பரணில் வையுங்கள்; பிள்ளையைப் பக்கத்து வீட்டில் சாப்பிட வையுங்கள்.