பத்தாண்டுக்கு மேற்பட்ட சேறு

உண்மையைக் காக்க உலகம் எத்தனையோ போர்களைக் கண்டிருக்கிறது. அந்த நில ஆய்வு அலுவலகமோ ஒரே ஒரு விதியால் அதைக் காத்தது: பத்தாண்டுக்கு மேற்பட்ட ஆவணங்களை அழித்துவிட வேண்டும்.

ஊழியர் குடியிருப்புக்கான காலி மனையில் ஆய்வாளர் குழாய் இறக்கி, மூன்று மீட்டர் நீளச் சேற்று உருளை ஒன்றை எடுத்துவந்திருந்தார். எட்டு மாதம் நுண்ணோக்கியில் கண் பதித்து, அதில் படிந்திருந்த மகரந்தத் தூள்களை ஒவ்வொன்றாக எண்ணினார். அடி முதல் நுனிவரை நீரில் வளரும் அல்லியும் கோரையும்தான். உச்சியில் நான்கு விரற்கடை மட்டும் செங்கல் தூள்.

"ஐயாயிரம் வருஷமா இது ஏரி சார். வீடு கட்டினா மூழ்கிடும்."

இயக்குநர் உருளையை மரியாதையோடு சுற்றிவந்தார். "இது என்னய்யா?"

"பழைய காலத்தோட பதிவு சார்."

"பதிவுன்னா ஆவணம். இதுல பத்து வருஷத்துக்கு உட்பட்டது எது?"

ஆய்வாளர் வாய் தவறி உண்மையைச் சொன்னார். "மேல இருக்கிற நாலு விரக்கடை. ஏரியைத் தூர்த்தப்போ கொட்டினது."

"மீதியை அழிச்சிட்டு அறிக்கை எழுதுங்க. குடியிருப்புப் பட்டியல்ல தரைத்தளம், முதல் வீடு உங்க பேர்லதான் இருக்கு. இருக்கட்டுமா?"

ஆய்வாளர் கத்தியை எடுத்தார். ஐயாயிரம் ஆண்டுகள் தண்ணீர்க் குழாயடியில் ஐந்தே நிமிடத்தில் கரைந்தன. இப்படியொரு வேகத்தை எந்த வெள்ளமும் காட்டியதில்லை. 'ஏரிக்கான தடயம் ஏதுமில்லை' என்ற அறிக்கையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"நிஜமாவே அங்க ஏரி இல்லையாங்க?" அன்றிரவு வீட்டில் மனைவி கேட்டாள்.

"விதிப்படி இல்ல."

குடிபோன நான்காம் மாதம் மழை. விடிந்தபோது செருப்புகள் சமையலறைக்குப் போயிருந்தன. கட்டிலின் கால்கள் தெரியவில்லை. மறுநாள் நீர் வடிந்ததும், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இயக்குநரே பார்வையிட வந்தார். வீடு முழுக்க வழவழவென்று நான்கு விரற்கடைச் சேறு.

"இந்தச் சேத்துக்கு என்னய்யா வயசு?"

"ஒரு நாள் சார்."

"அப்ப உடனே அள்ளிக் கொட்டச் சொல்லுங்க!"

"கூடாது சார். இதுவும் பதிவுதான். பத்து வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும். விதி."

மனைவி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"வெச்சிருங்க. நாளைக்கு யாராவது தோண்டிப் பாக்கட்டும். அல்லிக்கு மேல, செங்கலுக்கு மேல, உங்க கையெழுத்து இருக்கும்."