அட்டை ஒட்டிய படலம்

வேலை கற்றுக்கொண்ட புதிதில் மனிதனுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிடும். தன் வேலையைப் பற்றிய பேச்சு மட்டும்தான் அதில் ஏறும். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த சமயத்தில்தான், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு பழைய கல்திட்டையை, அதாவது பலகைக் கற்களை நிறுத்தி மூடிய பழங்காலக் கல்லறையை, அளக்கப் போனோம்.

இரண்டாயிரங்களின் பின்பாதி. லேசர் கருவி என்பதே அப்போது பெரிய அதிசயம். முக்காலியில் நின்றபடி மெதுவாகச் சுற்றி, கல்லின் மேடு பள்ளமெல்லாம் அளந்துவிடும். எங்கள் சார் டிஜிட்டல் கேமராவில் எடுக்கும் படங்கள் அதற்கு நிறம் கொடுக்கும். நாலு பக்கத்து அளவையும் ஒன்றாகச் சேர்ப்பதற்காக, சுற்றிலும் கம்பு நட்டு, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டைகளை ஒட்டியிருந்தேன். அட்டை அசைந்தால் எல்லாம் போச்சு. கருவியோ வாடகைக்கு வந்தது. மறுநாள் வெள்ளனே மலையிறங்க வேண்டும்.

"ஒழுங்கா முடிச்சா வேலை நிரந்தரம். இல்லேன்னா ஊருக்கு பஸ் ஏறிடு" என்று சார் சொல்லியிருந்தார். (விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர்.)

முந்தின நாள்தான் மழை விட்டிருந்தது. காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் செல்லம்மாக்கா வேடிக்கை பார்க்க வந்து என் பின்னால் நின்றார். நான் கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி, அட்டை ஒட்டிக் கெடக்கு. புடுங்கிரவா?"

"தொடாதீங்கக்கா! நான்தான் ஒட்டினேன்."

"நீங்களேவா ஒட்டுனீங்க?"

"ஆமா, பார்த்துப் பார்த்து ஒட்டினது. இது சுத்தி முடியிற வரைக்கும் அசையக்கூடாது."

"சின்னதாக் கெடந்துச்சு. இப்பப் பெருசா ஊதிக்கிட்டே போகுதே தம்பி!"

"ஈரத்துல ஊதும்க்கா. இன்னும் ரெண்டு மூணு இருந்தாக்கூட நல்லாத்தான் இருக்கும்" என்றேன், பெரிய விஞ்ஞானியைப் போல.

அக்கா போய்விட்டார். நிம்மதி. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து ஒரு இலையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நல்லாக் கொழுத்ததாப் பார்த்து மூணு புடிச்சாந்திருக்கேன். இதுகளையும் கழுத்துலயே ஒட்டவா, இல்ல கையிலயா?"

இலையில் மூன்று நெளிந்தன. என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. கொழுகொழுவென்று நாலாவது.

நான் போட்ட கூச்சல் பழனி அடிவாரம் வரை கேட்டிருக்கும். குதித்த குதியில் முக்காலியை உதைத்துவிட்டேன். வேலையும் கருவியும் சேர்ந்து சாய்வதைக் கண்ணால் பார்த்தேன். அக்கா இலையை வீசிவிட்டு, "ஐயோ, பொட்டி!" என்று பாய்ந்து, கருவியைக் கட்டிப் பிடித்து இடுப்பில் ஏந்திக்கொண்டார். அவருக்குக் கோயில் கட்டலாம்.

வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவி அட்டையை விழவைத்ததும் அவர்தான். "வைத்தியத்துக்கு ஒட்டியிருக்கீங்கன்னுல்ல நெனைச்சேன்!" என்றார். கம்பில் இருந்த அட்டைகள் ஒன்றுகூட அசையவில்லை. கருவியை மறுபடி முதலிலிருந்து ஓட்டி, மூடுபனி கல்லை மறைப்பதற்குள் முடித்தோம். வேலையும் நிரந்தரமானது.

ஆனால் கல்லுக்கு நிறம் கொடுக்கப் படம் எடுத்துக்கொண்டிருந்த சார், அந்த நேரம் பார்த்து ஒரு க்ளிக் அடித்திருந்தார். அக்கா இடுப்பில் கருவி; பக்கத்தில் அந்தரத்தில் நான். அதைச் சட்டம் போட்டு என் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்தார், விளக்கத்தோடு.

இன்றைக்கும் வீட்டில் ரேஷன் அட்டையைக் காணோம் என்றால், என் மனைவி முதலில் என் கழுத்தைத்தான் பார்க்கிறாள்.